பள்ளத்தில் அடித்த ஓட்டை

என் நாத்தனார் பதினான்கு வருடம் ஒழுகும் கூரைக்குக் கீழே வேண்டுமென்றே படுத்திருந்தார். ஒரே ஒரு ஓட்டைதான். அவருடைய கட்டிலுக்கு நேர் மேலே, வளைந்த தகரத்தில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இருந்தது. மழை வந்தால் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கீழே வைப்பார். தார் டப்பா கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. ஒரு விரல் தார் எடுத்து அப்பினால் தீர்ந்தது வேலை. அப்ப மாட்டார்.

"நான் ஏறி அடைக்கட்டுமாக்கா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"அடைச்சா நான் மறந்துடுவேன். நான் மறந்துட்டா அந்த ஆளு தப்பிச்சிடுவான். நீ போய் உன் வேலையைப் பாரு."

அந்த ஆள் என்றால் தகரத் தொழிற்சாலையின் மேனேஜர். யார் என்ன புகார் சொன்னாலும் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று தோளில் தட்டி அனுப்பிவிடுவார். தொழிலாளிகள் அவருக்கு வைத்த பெயரே பாத்துக்கலாம் சார். என் வீட்டுக்காரருடைய பிழைப்பையும் மானத்தையும் பறித்தவர் அவர்தான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து எட்டு வருடமாகிறது. அவர் பெயரில் ஒட்டிய கறை மட்டும் போகவில்லை. அதைத் துடைக்க வேண்டும், துடைக்கிற துணியாகப் பாத்துக்கலாம் சாரையே பிடித்துப் பிழிய வேண்டும். என் நாத்தனாருக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்களுக்குப் பூமியெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு ஆள் ஊர் பார்க்கத் தலைகுனிந்தால் போதும்.

நாத்தனார் பத்தொன்பது வயதில் அந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பெற்றவர்கள் இல்லை, கையில் பத்து வயதுத் தம்பி. அவருக்குக் கொடுத்தது துளை போடும் மெஷின். மேலிருந்து இரும்பு அச்சு ஒன்று இறங்கும், டக்கென்று தகரத்தில் ஓட்டை விழும். அதற்குப் பிரஸ் என்று பெயர், அதை ஓட்டியதால் இவர் பிரஸ் அக்கா. முதல் வருடமே ஆள்காட்டி விரலின் நுனியை அந்த மெஷின் வாங்கிக்கொண்டது. கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால் அந்த மொட்டை விரலை நீட்டுவார். "ஒருத்தன்கிட்ட விரலைக் கொடுத்தாச்சு. இன்னொருத்தன்கிட்ட கையைக் கொடுக்கச் சொல்றீங்களா?" கேட்டவர் எழுந்து போய்விடுவார்.

என்னைத் தம்பிக்குப் பேச வந்த அன்று அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டுக் கூரையைத்தான் பார்த்தார். "ஷீட்டும் ஷீட்டும் சேர்ற வாய் காத்தைப் பார்த்து இருக்கே, யாரு போட்டது? பெரிய காத்து வந்தா உரிச்சிட்டுப் போயிடும்" என்று என் அப்பாவிடம் சொன்னார். கூரை போட்டதே அப்பாதான். அவர் முகம் சுருங்கிப் போயிற்று. இந்தம்மாவோடு எப்படிக் குப்பை கொட்டப் போகிறோமோ என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று பயந்தேன். அடுத்த வாரம் தம்பியை அனுப்பி அந்தக் கூரை முழுவதையும் பிரித்து மாற்றிப் போட வைத்தார். கொட்டுவதும் அவர்தான், தடவுவதும் அவர்தான்.

அந்தத் தொழிற்சாலை செய்தது வளைவுத் தகரக் கொட்டகை. பார்த்திருப்பீர்கள். சுவர் என்று தனியாக எதுவும் இருக்காது. கூரையே இரண்டு பக்கமும் வளைந்து இறங்கித் தரையைத் தொடும், முன்னும் பின்னும் மட்டும் அடைத்திருக்கும். ஒரு பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்த மாதிரி. முதல் உலகப் போரில் குளிரில் கிடந்த சிப்பாய்களுக்காக ஒரு ராணுவப் பொறியாளர் யோசித்த அமைப்பு அது என்று நாத்தனார் சொல்வார். லாரியில் அடுக்கிக் கொண்டுபோக வேண்டும், எந்தப் பாகமும் இரண்டு ஆள் தூக்கும் எடைக்கு மேல் இருக்கக் கூடாது, ஆறு பேர் ஒரு ஸ்பானரை வைத்துக்கொண்டு நாலு மணி நேரத்தில் நிறுத்திவிட வேண்டும். போர் முடிந்த பிறகு அதே கொட்டகைக்குள் மாட்டைக் கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், குடும்பமே நடத்தினார்கள்.

"இந்த மெல்லிசுத் தகரம் எப்படிக்கா நிக்குது?" என்று புதிதில் ஒருநாள் கேட்டேன். பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து மேஜை விளிம்பில் நீட்டினார், தொங்கியது. அதையே விசிறி மடிப்பாக மடித்து நீட்டி மேலே சாவிக்கொத்தை வைத்தார். நின்றது.

"மேடும் பள்ளமுமா இருக்குல்ல, அதுதான் பலம். குடும்பம் மாதிரின்னு உடனே சொல்லிடாதே, எனக்குப் பிடிக்காது. மேடுன்னா போல்ட்டு போடுற இடம். பள்ளம்னா தண்ணி ஓடுற இடம். பள்ளத்துல ஓட்டை போட்டா தண்ணி உள்ள வரும், போல்ட்டைச் சுத்தித் துரு பிடிக்கும், ஒருநாள் காத்து மொத்தமா தூக்கிட்டுப் போகும். இவ்வளவுதான் படிப்பு."

தம்பி, அதாவது என் வீட்டுக்காரர், அதே தொழிற்சாலையின் ஃபிட்டர். போன இடத்தில் கொட்டகையை நிறுத்திக் கொடுக்கும் வேலை. ஃபிட்டர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதற்கு நின்னு காட்டுறது என்று பெயர். கொட்டகை முடிந்ததும் நிறுத்தியவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து குழாயில் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள், பதினைந்து நிமிடம். நனையாமல் வந்தால் கதவின் உட்பக்கம் சிவப்புப் பெயிண்டில் தன் பெயரை எழுதலாம். இந்தக் கொட்டகைக்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். குழாயைப் பிடிக்கிறவருக்கும் விதி உண்டு. உள்ளே நிற்பவருக்கு வேண்டாதவர்தான் பிடிக்க வேண்டும். வேண்டியவர் பிடித்தால் தண்ணீர் இரக்கப்பட்டு விழுமாம். என் வீட்டுக்காரருக்கு எப்போதும் குழாய் பிடித்தவர், சீட்டாட்டத்தில் அவரோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திவிட்ட ஒரு வெல்டர். இன்னொரு விதியும் இருந்தது. புது மாடல் என்றால் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவரே முதல் கொட்டகையில் நிற்க வேண்டும். பாத்துக்கலாம் சார் ஒருமுறைகூட நின்றதில்லை. அவருக்குச் சளித் தொல்லை.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஆறு உடைத்துக்கொண்டு ஊர்கள் மூழ்கின. வீடு போனவர்களுக்கு நானூறு கொட்டகை உடனே வேண்டும் என்று ஆர்டர் வந்தது. மேட்டில் துளை போடுவது மெதுவான வேலை. மேட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்து ஒவ்வொரு ஷீட்டாகத்தான் போட முடியும். பள்ளம் மெஷின் மேஜையில் படிந்து உட்காரும், நாலு ஷீட்டை அடுக்கி ஒரே அடியில் போடலாம். பாத்துக்கலாம் சார் வரைபடத்தில் துளையை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நகர்த்திக் கையெழுத்துப் போட்டார். அரை அங்குலம் பேனா நகர்ந்தது, அவ்வளவுதான்.

வந்திறங்கிய ஷீட்டைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் நேராக அவரிடம் போனார். "சார், ஓட்டை பள்ளத்துல இருக்கு."

"தார் வாஷர் வெச்சு இறுக்குங்க. தண்ணி எப்படி வரும்?"

"புதுசுல வராது சார். வெயில்ல வாஷர் காஞ்சு வெடிச்சதும் வரும்."

"அப்போ பாத்துக்கலாம். ஜனங்க ரோட்டுல கிடக்கறாங்க, நீங்க ஓட்டையைப் பத்திப் பேசறீங்க. முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளு இருக்கு."

ஜனங்கள் ரோட்டில் கிடந்தது உண்மை. என் வீட்டுக்காரர் போய் நிறுத்தினார், நின்று காட்டினார், நனையவில்லை, கதவில் பெயரை எழுதினார். அடுத்த வருடம் வாஷர் வெடித்தது, துரு தின்றது, ஒரு சாயங்காலக் காற்றில் அவர் பெயர் எழுதிய கொட்டகையின் ஷீட் பிய்த்துக்கொண்டு பறந்து முகாம் காவலாளியின் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டது.

விசாரணை நடந்தது. பாத்துக்கலாம் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "அவசர ஆர்டர்னு நாங்க துளை போடாமத்தான் அனுப்பினோம். இடத்துல போய் ஃபிட்டர்தான் சுத்தியலும் உளியும் வெச்சு அடிக்கணும். அவசரத்துல பள்ளத்துல அடிச்சிட்டார் போல." வரைபடம்? மேட்டில் துளை காட்டிய பழைய வரைபடத்தை எடுத்து நீட்டினார். விசாரிக்க வந்தவர்கள் கதவைத்தான் பார்த்தார்கள். சிவப்பில் பெயர் இருந்தது. கூரையை ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மற்ற கொட்டகைகளை நிறுத்திய வெளியூர்க் கூலி ஆட்கள் அதற்குள் கலைந்து போயிருந்தார்கள், என் வீட்டுக்காரரும் தன் பக்கத்தைச் சொல்லாமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஃபிட்டரின் தவறு என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

மீதி முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது கொட்டகைகளையும் கம்பெனி சத்தமில்லாமல் பிரித்து உலைக்கு அனுப்பியது. என் வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் போயிற்று. டீக்கடையில் அவர் காதுபடவே "பள்ளத்துல அடிச்சவன் வர்றான்" என்றார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுத்துக் காலத்தை ஓட்டினார். ஏணியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆறு வருடம் அப்படி இருந்துவிட்டு, நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஒரு கொட்டகை மட்டும் உலைக்குப் போகவில்லை. விசாரணை முடிந்த மூன்றாம் நாள் நாத்தனார் ஒரு வண்டியோடு தொழிற்சாலையின் கழிவுக் கொல்லைக்குப் போனார். பழைய தகரத்தைத் தொழிலாளிகள் கேட்டு எடுத்துப் போவது வழக்கம்தான். கேட் பாஸில் குமாஸ்தா ஷீட்டில் குத்தியிருந்த வரிசை எண்களையும் கொட்டகை எண்ணையும் ஒழுங்காக எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டவர் யார்? பாத்துக்கலாம் சாரேதான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற பழக்கம் இருந்திருந்தால் அந்த மனிதர் இன்னும் நிம்மதியாக இருந்திருப்பார்.

கொல்லைப்புறத்தில் நாத்தனார் அந்தக் கொட்டகையை மறுபடி நிறுத்தினார். மேட்டில் தன் கையால் புதுத் துளை போட்டுப் போல்ட் இறுக்கினார். பள்ளத்து ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்தார், அந்த ஒன்றைத் தவிர. தம்பியின் பெயர் எழுதிய கதவைத் தன் அறைக்கதவாக மாட்டிக்கொண்டார். சாட்சியோடு குடித்தனம் நடத்தினார்.

"இதைக் கொண்டுபோய்க் காட்டலாமே" என்று நான் அப்போதே குதித்தேன். என் வீட்டுக்காரர் "வேண்டாம், விட்டுடு" என்றார். எத்தனை முறை கேட்டாலும் அதே பதில். பயந்தாங்கொள்ளி என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் இறந்த பிறகு நாத்தனார் இரண்டு முறை மனு எடுத்துக்கொண்டு அலைந்தார். முடிந்த கேஸ் என்றார்கள். அதன் பிறகு அவர் அலைவதை நிறுத்தினார்.

"அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்னு சொல்வாங்க. நிக்கறதுன்னா எனக்கும் தெரியும்" என்றார்.

இந்த வருடத் தொடக்கத்தில் பாத்துக்கலாம் சாரே எங்கள் வாசலில் வந்து நின்றார். இப்போது அவர் மேனேஜர் இல்லை, டைரக்டர். கம்பெனியின் பத்தாயிரமாவது கொட்டகைக்கு விழா எடுக்கிறார்களாம். பக்கத்தில் பழைய மாடல் ஒன்றை நிறுத்திக் காட்ட வேண்டும், எங்கே தேடியும் கிடைக்கவில்லை, இங்கே ஒன்று இருப்பதாக ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். அவர் பெயரில் ஒரு கல்வெட்டும் வைக்கிறார்கள். கொட்டகைக்குள் போய் அண்ணாந்து பார்த்தார். வரிசை வரிசையாகத் தார்ப் பொட்டுகள்.

"அருமையா வெச்சிருக்கீங்களே" என்றார்.

"எல்லாம் உங்க டிசைன் சார்" என்றார் நாத்தனார்.

"உங்க தம்பி விஷயம்... பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

"சேச்சே. கொட்டகையைச் சும்மாவே எடுத்துக்கோங்க. ரெண்டே ரெண்டு ஆசை சார். அங்க நானே நிறுத்திக் கொடுக்கணும். அப்புறம் விழா அன்னிக்கு அந்தக் காலத்து மாதிரி நீங்க உள்ள நின்னு காட்டணும். டிசைன் போட்டவர் நிக்கறதுதானே முறை."

போட்டோ எடுப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவர் போனதும் நாத்தனார் கட்டிலில் போய் உட்கார்ந்தார்.

"என்னக்கா?"

"பார்த்தியா? மேல பார்த்தான். அவனுக்கு ஞாபகமே இல்ல. நான் பதினாலு வருஷமா தூங்காம இருக்கேன், அவன் மறந்தே போயிட்டான். எனக்கு வயிறு எரியுதுடி."

எனக்கும் எரிந்தது. கெட்டது செய்தவன் அதைப் பயத்தோடாவது ஞாபகம் வைத்திருக்க வேண்டாமா? மறந்துபோவது அதைவிடப் பெரிய அக்கிரமம் இல்லையா?

தொழிற்சாலை முற்றத்தில் கொட்டகையை நிறுத்த மூன்று நாள் ஆயிற்று. அறுபது வயதுக்கு மேல் நாத்தனார் ஸ்பானரும் கையுமாக ஏணியில் ஏறுவதைப் பழைய ஃபிட்டர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பெயிண்டர் வெளிப்பக்கம் பச்சை அடித்தார். கதவின் பெயரையும் மறைக்கப் பார்த்தவரை, "அது பழைய ஞாபகம், இருக்கட்டும்" என்று நாத்தனார் தடுத்தார். விழாவுக்கு முதல் நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், என்னையும் மேலே ஏறச் சொன்னார். பள்ளத்து ஓட்டைகளிலிருந்து தாரைக் குத்திக் குத்தி எடுத்தோம். தொழிலாளிகள் கை கழுவ வைத்திருந்த பச்சைச் சோப்பை உருட்டி ஒவ்வொரு ஓட்டையிலும் வைத்து அழுத்தினோம். பச்சைப் பெயிண்டில் பச்சைச் சோப்பு தெரியவே இல்லை. இத்தனை சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

கடைசி வரிசையில் ஒரு ஓட்டையைத் தடவிக் காட்டினார். "பாரு, உருண்டையா, ஒரே அளவா இருக்கு. கீழ்ப்பக்கம் பிசிறு ஒரே சீரா இருக்கு. சுத்தியல்ல அடிச்சா நட்சத்திரம் மாதிரி கிழியும், சுத்திலும் நசுங்கும். எந்த ஃபிட்டர் பார்த்தாலும் இது மெஷின் ஓட்டைன்னு சொல்லிடுவான்."

"எந்த மெஷின்னு கூடவா தெரியும்?" சும்மாதான் கேட்டேன். அங்கே மூன்று பிரஸ் இருந்தன.

அவர் சோப்பைக் கீழே வைத்தார். "என் மெஷின்தான்."

எனக்கு உடனே உறைக்கவில்லை.

"நான்தான் அடிச்சேன். பதினோரு நாள், நானூறு கொட்டகைக்கும். பள்ளத்துல தண்ணி ஓடுமே சார்னு கேட்டேன். பாத்துக்கலாம்னான். அடிச்சேன். விசாரணையில என்னைக் கூப்பிடவே இல்ல. நானா போய்ச் சொல்லியிருக்கலாம். வேலை போயிடும், கேஸ்ல நானும் மாட்டுவேன்னு பயம். தம்பிகிட்ட சொன்னேன். 'நீ வாயைத் திறக்காதேக்கா, ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்தா அடுப்பு எரியாது'ன்னுட்டான்."

ஏணிப்படியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அந்த மனிதரை நான் பயந்தாங்கொள்ளி என்று சொல்லியிருக்கிறேன். அவர் இவரைக் காப்பாற்ற வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். இவர் அந்தச் சம்பளத்தில் சோறு போட்டார். நானும் சாப்பிட்டேன். இத்தனை வருடம் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாத்துக்கலாம் சாரைத் திட்டினாரே, பாதித் திட்டு தனக்கு என்று தெரிந்துதானே திட்டினார்? கையில் ஸ்பானர் இருந்தது. அதை என்ன செய்வேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. இறங்கிவிட்டேன்.

"உங்க மூஞ்சியைப் பார்க்கவே பிடிக்கல" என்றேன் கீழே நின்று.

"சரி. அப்போ நாளைக்குக் குழாயை நீயே பிடி" என்றார்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு ஆள் நனைவதைப் பார்க்கப் பதினான்கு வருடம் காத்திருந்தவள் எப்படிப் போகாமல் இருப்பேன்? மறுநாள் காலை பத்து மணிக்கு முற்றத்தில் கூட்டம். அரசாங்கத் துறையின் பொறியாளர் ஒருவர், போட்டோக்காரர், வேலையில் இருப்பவர்கள், ஓய்வு பெற்ற ஃபிட்டர்கள். குழாய் பிடிக்க நான் நிற்பதைப் பார்த்து அந்தப் பழைய வெல்டர் பக்கத்தில் வந்தார். "டைரக்டருக்கு வேண்டாதவங்க வரிசையில நிறைய பேர் இருக்கோம். உனக்கு எப்படிக் கிடைச்சுது இந்தப் பாக்கியம்?" என்றார். நான் சிரிக்கவில்லை.

பாத்துக்கலாம் சார் புதுச் சட்டை போட்டிருந்தார். கையசைத்துக்கொண்டே உள்ளே போனார். நாத்தனார் பின்னாலேயே போனார்.

"நீங்க எதுக்கும்மா?" என்றார் பொறியாளர்.

"நானும் நிக்க வேண்டிய ஆளுதான் சார். நேரத்தைப் பார்த்துக்கோங்க, பதினஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் வேண்டாதவள் நான்தான். வால்வை முழுவதும் திறந்தேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. கூரை மேலே கொஞ்சம் நுரை கிளம்பியது. கூட்டத்தில் சிரித்தார்கள். உள்ளேயிருந்து, "என்னது, சோப்பு வாசனை அடிக்குது?" என்று ஒரு குரல். பிறகு அந்தக் குரல் உயர்ந்தது. "ஏய், ஒழுகுது! நிறுத்து! தண்ணியை நிறுத்து!" கதவை உள்ளிருந்து யாரோ இடித்தார்கள். நாத்தனாரின் குரல் நிதானமாகக் கேட்டது. "அஞ்சு நிமிஷம்கூட ஆகல சார். வாஷரை இறுக்கிப் பாருங்க. முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளு இருக்கு."

கதவைத் தள்ளிக்கொண்டு பாத்துக்கலாம் சார் வெளியே வந்து விழுந்தார். தலையெல்லாம் நுரை, புதுச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. "பழைய தகரம்! ஒழுகத்தானே செய்யும்!" என்று கத்தினார். திறந்த கதவு வழியாக எல்லோரும் உள்ளே பார்த்தார்கள். கூரை கண்ட இடத்தில் ஒழுகவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலிருந்தும், ஒரே இடைவெளியில், ஒரே கனத்தில், நூல் பிடித்த மாதிரி வரிசை வரிசையாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வெல்டர் உள்ளே தலையை நீட்டினார். வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். "இது ஆளு அடிச்ச ஓட்டை இல்ல. பிரஸ்ஸுல போட்டது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "நாம எல்லாருமா சேர்ந்து அந்தப் பையனைக் கொன்னுட்டோம்" என்று சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபிட்டர்கள் ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார்கள். ஒருவரும் டைரக்டருக்குத் துண்டு கொடுக்கவில்லை.

"அம்மா, நீங்க வெளிய வாங்க" என்றார் பொறியாளர். நாத்தனார் உள்ளே நின்றபடியே, பிளாஸ்டிக் உறையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த கேட் பாஸை எடுத்து நீட்டினார். "ஷீட் நம்பர் எல்லாம் இதுல இருக்கு. கீழ இருக்கறது அவரு கையெழுத்து. துளையை மாத்தச் சொன்னது அவரு. மெஷின்ல அடிச்சது நான். என் பேரையும் எழுதிக்கோங்க."

பொறியாளர் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பாத்துக்கலாம் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க இருங்க. நாங்க பாத்துக்கறோம்" என்றார் பொறியாளர், அவருடைய பட்டப்பெயர் தெரியாமலேயே. போட்டோக்காரர் நிறுத்தாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"போதும்மா, வால்வை மூடிடு" என்றார் வெல்டர் என்னிடம். "வயசானவங்க, நடுங்கறாங்க பாரு."

நடுங்கினார்தான். எனக்குத் தெரிந்தது. மூடவில்லை. ஆறு வருடம் டோக்கன் கிழித்த கையை நினைத்துக்கொண்டேன். உள்ளேயிருந்து அவரும் நிறுத்தச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தபடியே நின்றார். பதினைந்தாவது நிமிடம் முடிந்தது என்று பொறியாளர் சொன்ன பிறகுதான் மூடினேன். ஒரு நொடி குறைக்கவில்லை, ஒரு நொடி கூட்டவும் இல்லை.

நாத்தனார் வெளியே வரவில்லை. கதவின் உட்பக்கம் திரும்பி, கருவிப் பையிலிருந்து கம்பி பிரஷ்ஷை எடுத்து, தம்பியின் பெயரைத் தேய்க்க ஆரம்பித்தார். பதினைந்து வருடச் சிவப்பு சுலபத்தில் போகுமா? மொட்டை விரலில் ரத்தம் வரும்வரை தேய்த்தார். ஒரு எழுத்துகூட மிச்சமில்லாமல் போன பிறகு, பெயிண்டரிடம் சிவப்புப் பெயிண்ட் வாங்கி அதே இடத்தில் தன் பெயரை எழுதினார். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, பிரஷ்ஷை டைரக்டரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. வெல்டர் வாங்கி, பாத்துக்கலாம் என்று பெரிதாக எழுதினார்.

அந்தக் கதவு இப்போது விசாரணைக்காரர்களிடம் இருக்கிறது, கொட்டகையும்தான். கல்வெட்டை எடுத்துவிட்டார்கள். நாத்தனார்மேலும் வழக்கு உண்டு. அவர் வக்கீல் வைத்துக்கொள்ள மறுத்துவிட்டார்.

அன்று அவர் முற்றத்தில் சொட்டச் சொட்ட வந்து என் எதிரில் நின்றபோது மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். என் பையில் ஒரு துண்டு இருந்தது. காலையில் கிளம்பும்போது அதை எதற்கு எடுத்து வைத்தேன் என்று எனக்கே தெரியாது. அதை நீட்டினேன்.

"தலையைத் துவட்டுங்க. சளி பிடிக்கப் போகுது" என்றேன். அதற்கு மேல் கொடுக்க அன்று என்னிடம் ஒன்றும் இல்லை.